மூன்று சூடுகள்

காலை எட்டு மணிக்கு நடுவில் விழுந்த குண்டு பதினொன்றரை மணிக்கு ஒரு சாண் மேலே விழுகிறது. அதே துப்பாக்கி, அதே பெட்டித் தோட்டா, அதே கை. சைட்டை யாரும் தொடவில்லை. 1000 கெஜத்துக்குப் புதிதாக வருபவர் முதலில் ஸ்கோப்பின் திருகுகளை முறுக்கிப் பார்ப்பார். அடுத்து தன் மூச்சைச் சந்தேகப்படுவார். பிறகு தோட்டா செய்தவரைத் திட்டுவார்; தோட்டாவைத் தானே செய்திருந்தால் இந்தக் கட்டத்தை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிவிடுவார். உண்மையில் இடையில் மாறியது வெயில் ஒன்றுதான்.

வெயில் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ரேஞ்சில் அது மூன்று இடங்களில் வேலை செய்கிறது. தோட்டாவுக்குள் இருக்கும் மருந்தைச் சூடாக்கிக் குண்டின் புறப்பாட்டு வேகத்தை மாற்றுகிறது. காற்றைச் சூடாக்கி, குண்டைப் பின்னுக்கு இழுக்கும் விசையை மாற்றுகிறது. தரையைச் சூடாக்கி, இலக்கை நம் கண்ணுக்கு வேறு இடத்தில் காட்டுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்கினால் தொல்லையில்லை. அப்படி நடப்பதில்லை. மேகம் மூடினால் தரையின் கொதிப்பு சில நிமிடங்களில் அடங்கிவிடும். காற்று ஆற இன்னும் நேரமாகும். நிழலில் மூடிவைத்த பெட்டிக்குள் இருக்கும் தோட்டாவோ காலைக் குளிரை நெடுநேரம் விடாது. ஒரே வெப்பமானியை வைத்துக்கொண்டு மூன்றுக்கும் கணக்குப் போடுவதால்தான் பாதிப் பிழைகள் வருகின்றன.

கணக்குக்கு ஒரு துப்பாக்கி

எண்கள் குழம்பாமல் இருக்க, அத்தியாயம் முழுவதற்கும் ஒரே துப்பாக்கியை வைத்துக்கொள்வோம். பால்மா என்ற நெடுந்தூரப் போட்டிகளில் பயன்படும் வகை: .308 வின்செஸ்டர் தோட்டா, 155 கிரெய்ன் குண்டு, அதாவது 10 கிராம். குழல்வாயில் விநாடிக்கு 900 மீட்டர் வேகம். 1000 கெஜம் என்பது 914 மீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்க இந்தக் குண்டுக்கு ஒன்றரை விநாடி ஆகும். போய்ச் சேரும்போது வேகம் 400 மீட்டருக்குச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 9 மீட்டர் விழுந்திருக்கும். 100 கெஜத்தில் சரிசெய்த சைட்டை 1000 கெஜத்துக்கு ஏற்ற 30 மினிட் அளவில் வேண்டும்.

மினிட் என்பது கோண அளவு. ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 1000 கெஜத்தில் ஒரு மினிட் 26.6 சென்டிமீட்டர், அதாவது பத்தரை அங்குலம். அமெரிக்காவின் நெடுந்தூர இலக்கில் பத்து மதிப்பெண் வளையம் 20 அங்குலம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் 10 அங்குலம். ஸ்கோப் வைத்துச் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியின் இலக்கில் இரண்டும் பாதியாகிவிடும். ஆக, நடுவில் விழ வேண்டிய குண்டு ஒரு மினிட் விலகினால் சாதாரண இலக்கில் பத்தின் விளிம்பில் தொங்கும்; எஃப்-கிளாஸ் இலக்கில் ஒன்பதின் விளிம்புக்குப் போய்விடும். 1874-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த கிரீட்மோர் ரேஞ்சில் அமெரிக்க அணியும் அயர்லாந்து அணியும் 800, 900, 1000 கெஜங்களில் மோதின. முடிவு 934-க்கு 931. மூன்றே புள்ளி வித்தியாசம். அரை மினிட்தானே என்று விட்டுவிடுபவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே தரும் எண்கள் எல்லாம் திசை காட்டவே. உங்கள் குழலும் குண்டும் வேறு. உங்கள் எண்களை உங்கள் நோட்டுப் புத்தகம்தான் சொல்லும்.

காற்றின் கனம்

குழலை விட்டு வெளியே வந்ததும் நம் குண்டைக் காற்று பின்னுக்கு இழுக்கும் விசை, குண்டின் எடையைப் போல ஐம்பது மடங்கு அளவில் இருக்கும். புவியீர்ப்பைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இந்த இழுப்போடு ஒப்பிட்டால் புவியீர்ப்பு மெல்லிய விசைதான். குண்டின் மேல் காற்று இவ்வளவு வலிமை காட்டும் என்று முதலில் அளந்து சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். தொங்கவிட்ட கட்டையில் குண்டைப் பாய்ச்சி, கட்டை எவ்வளவு ஊசலாடுகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டார். 1742-இல் புத்தகமாக எழுதினார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராகக் கோட்டைகளைச் செப்பனிட நம் பக்கம் வந்தவர், 1751-இல் காய்ச்சலில் இறந்துபோனார். இறந்த இடம் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டை. துப்பாக்கிக் கணக்கின் முன்னோடி நம் கரையில் மண்ணானார் என்பது அந்த ஊர்க்காரர்கள் பலருக்கே தெரியாது.

இந்த இழுப்பு காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை கிராம் இருக்கிறது என்பதைத் தவிர குண்டுக்கு வேறெதுவும் தெரியாது. அது மலை உயரத்தால் குறைந்ததா, வெயிலால் குறைந்ததா, புயல் வருவதால் குறைந்ததா என்று அது கேட்பதில்லை. உலகம் முழுவதும் அளவுகோலாக வைத்திருக்கும் காற்று 15 டிகிரி, 1013 மில்லிபார். அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 1225 கிராம். அழுத்தம் மாறாமல் வெப்பநிலை மட்டும் மாறினால் 0 டிகிரியில் 1293 கிராம், 30 டிகிரியில் 1164, 40 டிகிரியில் 1127. கணக்கு எளிது: 10 டிகிரி ஏறினால் காற்று மூன்றரை சதவீத அளவில் இலேசாகும். நம் துப்பாக்கிக்கு 1000 கெஜத்தில் இதனால் வரும் மாற்றம் அரை முதல் முக்கால் மினிட். சூடானால் குண்டு மேலே போகும், ஆகவே சைட்டை இறக்க வேண்டும். குளிர்ந்தால் ஏற்ற வேண்டும்.

500 கெஜத்தில் இதே 10 டிகிரி மாற்றத்தைச் சைட் திருகின் ஒரு கிளிக்கில் முடித்துவிடலாம், பல நேரம் அது கூடத் தேவைப்படாது. 300 மீட்டர் போட்டிக்காரர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போனாலும் குற்றமில்லை. தூரம் கூடக் கூடக் குண்டு காற்றில் தங்கும் நேரம் கூடுகிறது. பிழை அதைவிட வேகமாகக் கூடுகிறது.

அழுத்தத்தின் கதை வேறு. ஒரே ரேஞ்சில் ஒரே நாளில் அழுத்தம் சில மில்லிபார் மாறினால் அதை மறந்துவிடலாம். 10 மில்லிபாருக்கு ஒரு சதவீதம்தான், ஒரு கிளிக்குக்குள் அடங்கிவிடும். ஊர் விட்டு ஊர் போகும்போதுதான் அழுத்தம் ஆளைக் கவிழ்க்கும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரி ரேஞ்ச் ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 175 மீட்டர். நியூ மெக்சிகோவின் ரேட்டன் ஊருக்கு அருகில் உள்ள விட்டிங்டன் சென்டர் 2000 மீட்டர் அளவில் இருக்கிறது. 2013-இல் எஃப்-கிளாஸ் உலகப் போட்டி நடந்தது அங்கேதான். 2000 மீட்டரில் அழுத்தம் 795 மில்லிபார். 25 டிகிரி வெயிலில் அடர்த்தி 930 கிராமுக்கு இறங்கிவிடும். கடற்கரையில் சரிசெய்த சைட்டோடு அங்கே போய்ப் படுத்தால் குண்டு நான்கு மினிட் மேலே, அதாவது ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் போகும். பட்ஸில், அதாவது இலக்குக் குழியில், இருப்பவர்கள் இலக்கில் துளையைத் தேடித் தேடிக் களைத்துப்போவார்கள்.

ரேட்டன் போன்ற இடத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பக்கவாட்டுக் காற்று குண்டைத் தள்ளுவதும் இதே அடர்த்தியைப் பொறுத்ததுதான். கடல்மட்டத்தில் விநாடிக்கு 1 மீட்டர் குறுக்குக் காற்று நம் குண்டை 1000 கெஜத்தில் அரை மீட்டர் தள்ளும். மலையில் அதே காற்று தள்ளுவது அதில் கால் பங்குக்கு மேல் குறையும். சமவெளியில் பழகிய கை மலையில் காற்றுக்கு அதிகமாகத் திருத்தும்; குண்டு காற்று வரும் பக்கமே போய் விழும். மலையில் பழகியவர் கடற்கரைக்கு வந்தால் கதை தலைகீழ்.

இப்போது பெரும்பாலானோர் விழும் குழியைச் சொல்ல வேண்டும். வானிலைச் செய்தியிலும் கைபேசியிலும் வரும் அழுத்தம் உங்கள் இடத்தில் உள்ள அழுத்தம் அல்ல. ஊருக்கு ஊர் ஒப்பிட வசதியாக, எல்லா ஊரும் கடல்மட்டத்தில் இருப்பதாகப் பாவித்துத் திருத்திய எண் அது. ரேட்டனில் நின்றுகொண்டு கைபேசியைப் பார்த்தால் 1015 என்று காட்டும். உங்கள் மூக்கின் முன் இருப்பது 800-க்கும் கீழே. 1015-ஐ அப்படியே குண்டின் பாதையைக் கணக்கிடும் கணிப்பானில் போட்டால் அது கடற்கரைக்கு விடை தரும். இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையில் உள்ள கருவி காட்டும் நேரடி அழுத்தத்தைப் போடுங்கள், உயரத்தைப் போடாதீர்கள். இல்லையென்றால் திருத்திய அழுத்தத்தைப் போட்டு உயரத்தையும் போடுங்கள். நேரடி அழுத்தத்தோடு உயரத்தையும் சேர்த்தால் மலையை இரண்டு முறை ஏறியதாகிவிடும். என் கருத்தில் முதல் வழிதான் சரி. ஒரே எண், ஒரே கருவி, குழப்பத்துக்கு இடமில்லை.

கெஸ்ட்ரல் போன்ற கையடக்கக் கருவிகள் அழுத்தம், வெப்பம், ஈரம் மூன்றையும் அளந்து அடர்த்தி உயரம் என்று ஒரே எண்ணாகவும் தரும். இது விமானிகளிடமிருந்து வந்த பழக்கம். இன்றைய காற்றின் அடர்த்தி, அளவுகோல் காற்றில் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரமே இன்றைய அடர்த்தி உயரம். நீங்கள் நிற்கும் இடத்தின் உயரத்துக்கு உரிய வெப்பநிலையை விட எத்தனை டிகிரி கூடுதலோ, ஒவ்வொன்றுக்கும் 120 அடி அந்த உயரத்தோடு சேர்த்துக்கொண்டால் மனக்கணக்காகவே கிடைத்துவிடும். ரேட்டனில் 2000 மீட்டருக்கு அளவுகோல் வெப்பம் 2 டிகிரி. இன்று 30 டிகிரி என்றால் 28 டிகிரி கூடுதல். 3360 அடி, அதாவது ஆயிரம் மீட்டர் கூட. குண்டு 3000 மீட்டர் மலையில் பறக்கிறது. மாறாக, கடற்கரையில் 5 டிகிரிக் காலையில் அடர்த்தி உயரம் கடலுக்குக் கீழே 1200 அடி என்று வரும். கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

கருவி பொய் சொல்லும் நேரமும் உண்டு. வெயிலில் முக்காலியில் நிறுத்திவைத்த கருவி காற்றின் சூட்டைச் சொல்லாது, தன் உடம்பின் சூட்டைத்தான் சொல்லும். உங்கள் நிழலில் பிடித்து, காற்றுப் படும்படி ஒரு நிமிடம் ஆட்டிவிட்டுப் பிறகு எண்ணைப் படியுங்கள். சில டிகிரி இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஈரப்பதம் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது சுருக்கமாக முடிய வேண்டிய விஷயம். புழுக்கமான நாளில் காற்றே கனத்துக் கிடக்கிறது என்கிறோம். கனப்பது நமக்குத்தான். நீராவி காற்றை விட இலேசு. அது வந்து இடத்தைப் பிடிக்கும்போது கனமான நைட்ரஜனும் ஆக்சிஜனும் விலகுகின்றன. ஆக, புழுக்கக் காற்று வறண்ட காற்றை விட இலேசானது, குண்டு அதில் ஒரு நூல் மேலேதான் போகும். அந்த ஒரு நூலும் அவ்வளவுதான்: 30 டிகிரியில் ஈரப்பதம் பூஜ்யத்திலிருந்து நூறுக்கு ஏறினாலும் அடர்த்தி ஒன்றரை சதவீத அளவில்தான் குறையும். 40-லிருந்து 80-க்கு ஏறினால் ஒரு கிளிக் கூட வராது. இதை வைத்து ரேஞ்சில் காலை முழுவதும் வாதம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் தோட்டாப் பெட்டியை நிழலுக்கு நகர்த்தியிருக்கலாம்.

தோட்டாவின் சூடு

மருந்து எரியும் வேகம் அதன் தொடக்கச் சூட்டைப் பொறுத்தது. சூடான மருந்து வேகமாக எரியும், குழலில் அழுத்தம் கூடும், குண்டு வேகமாகப் புறப்படும். வெப்பத்துக்கு மசியும் வகை மருந்துகளில் 1 டிகிரிக்கு விநாடிக்கு அரை மீட்டர், சிலவற்றில் அதற்கும் மேல் மாறும். 20 டிகிரி வித்தியாசம் வந்தால் 10 மீட்டர். 1000 கெஜத்தில் முக்கால் மினிட்டுக்கு மேல். வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாத மருந்துகளும் வந்துவிட்டன. ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் தயாராகி ஹாட்ஜ்டன் பெயரில் விற்கும் வார்கெட் அந்த வகையில் பால்மாக்காரர்களுக்குப் பழகிய ஒன்று. அவையும் அறவே அசையாதவை என்று எண்ண வேண்டாம், குறைவாக அசைகின்றன.

காற்றின் சூடும் மருந்தின் சூடும் ஒரே பக்கம்தான் தள்ளுகின்றன. இரண்டும் 10 டிகிரி ஏறினால் சேர்ந்து ஒரு மினிட் அளவுக்கு வரும். பழைய ஆட்கள் பாரன்ஹீட்டில் 20 டிகிரிக்கு ஒரு மினிட் என்று வாய்ப்பாடாகச் சொல்வது இதைத்தான். வாய்ப்பாடு .308-க்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் காற்றும் தோட்டாவும் ஒரே சூட்டில் இருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. நடப்பில் காற்று 24 டிகிரி, காரின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்த பெட்டி 50 டிகிரி என்று இருக்கும். இந்த 50-ஐக் கணிப்பானுக்குச் சொன்னவர் யார்?

தோட்டாவைச் சூடாக்கும் இன்னொரு அடுப்பு உண்டு: உங்கள் துப்பாக்கியேதான். நான் ஒரு கோடை மதியம் 1000 கெஜத்தில் எட்டு குண்டுகளைப் பத்துக்குள் வைத்திருந்தேன். உயரத்தில் எல்லாம் ஒரு கையகலத்துக்குள் அடங்கியிருந்தன. ஒன்பதாவதைத் தள்ளிப் போல்ட்டை மூடினேன். அந்த நேரம் பார்த்துக் கொடி தளர்ந்தது. காற்று பழைய நிலைக்கு வரட்டும் என்று கன்னத்தைத் துப்பாக்கியை விட்டு எடுக்காமல் காத்திருந்தேன். குழலின் மேல் கை வைக்க முடியாத சூடு. ஒன்றரை நிமிடம் போயிருக்கும். கொடி மீண்டும் எழுந்தது, நிதானமாகத்தான் விட்டேன். இலக்கு கீழே இறங்கி மேலே வந்தபோது துளையைக் காட்டும் குறித்தகடு பன்னிரண்டு மணித் திசையில், ஒன்பதில் இருந்தது. காற்றை நான் சரியாகப் படித்திருந்தேன், பக்கவாட்டில் துளி விலகலில்லை. குழலின் சூடான அறைக்குள் ஒன்றரை நிமிடம் வெந்த தோட்டா தன் வேலையைக் காட்டிவிட்டது. அன்றிலிருந்து காற்றுக்காகக் காத்திருக்கும்போது போல்ட் திறந்தே இருக்கும். தோட்டா பெட்டியில் இருக்கும். விடப் போகிறேன் என்று தெரிந்த பிறகுதான் தள்ளுவேன். தவறி உள்ளே தள்ளிவிட்டுக் காத்திருக்க நேர்ந்தால் அதை வெளியே எடுத்து ஆற வைத்துவிட்டு வேறொன்றைப் போடுகிறேன்.

பாதுகாப்பையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குளிர்காலத்தில் எல்லை வரை மருந்து நிரப்பிச் சரிபார்த்த தோட்டா கோடையில் எல்லையைத் தாண்டும். போல்ட் கைப்பிடி இறுகித் தூக்க மறுப்பது, பிரைமர் தட்டையாகிப் பிதுங்குவது ஆகியவை அதற்கு அறிகுறிகள். அதைப் பார்த்த பிறகு போட்டி என்ன நிலையில் இருந்தாலும் அடுத்த தோட்டாவைத் தள்ளக் கூடாது. கோடைப் போட்டிக்கான தோட்டாவைக் கோடையிலேயே சோதியுங்கள்.

குளிர் செய்யும் வேலை

குளிர்ந்த நாளில் தோட்டாவும் காற்றும் சேர்ந்து குண்டைக் கீழே இழுப்பதோடு நிற்காது. நெடுந்தூரக் குண்டு ஒலியின் வேகத்துக்கு மேலேயே இலக்கை அடைய வேண்டும். ஒலி வேகத்தை நெருங்கும் இடத்தில் குண்டின் மேல் காற்றழுத்தம் இடம் மாறுகிறது. பல குண்டுகள் அங்கே தள்ளாடி, இலக்கில் துளைகளின் கூட்டம் கலைந்துபோகும். ஒலியின் வேகம் 0 டிகிரியில் 331 மீட்டர், 15-இல் 340, 30-இல் 349. குளிரில் ஒலியே மெதுவாகிவிடுவதால் நமக்கு இலாபம்தானே என்று தோன்றும். ஆனால் குளிர் ஒலியை மெதுவாக்குவதை விட அதிகமாகக் குண்டை மெதுவாக்குகிறது. நம் குண்டு 30 டிகிரியில் 410 மீட்டருக்கு மேல் வேகத்தோடு வரும். 0 டிகிரியில் 370-க்கு இறங்கிவிடும். 1000 கெஜத்தில் கோடையில் அழகாக விழுந்த கூட்டம் தையில் சிதறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுழற்சியும் கொஞ்சம் பாதிக்கப்படும். அடர்ந்த காற்றில் குண்டை நேராக நிறுத்த அதிகச் சுழற்சி வேண்டும். 13 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வெட்டிய பால்மா குழல்களுக்கு 155 கிரெய்ன் குண்டோடு இது தொல்லை தருவதில்லை. அதே குழலில் இன்னும் நீளமான குண்டைப் போட்டுக் கோடையில் சோதித்து, குளிர்காலப் போட்டிக்கு எடுத்துப் போகிறவர்கள்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

தரையின் சூடு

இதுவரை பேசியது குண்டு போகும் வழி. தரையின் சூடு கெடுப்பது நாம் பார்க்கும் வழி. வெயில் ஏறியதும் புல்லுக்கு மேல் காற்று கொதிக்க ஆரம்பிக்கும். ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் இலக்கு நீரோடைக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல் போல நெளியும். நெடுஞ்சாலையில் மதியம் தார்மேல் தண்ணீர் தெரிகிறதே, அந்தக் கானல்தான்.

தரையருகே சூடான இலேசான காற்று, மேலே குளிர்ந்த அடர்ந்த காற்று. ஒளி அடர்ந்த பக்கம் வளைவதால் இலக்கிலிருந்து வரும் கதிர் நடுவில் தொய்ந்து, கீழிருந்து மேலாக நம் கண்ணில் புகுகிறது. ஆகவே கொளுத்தும் வெயிலில் இலக்கு இருக்கும் இடத்தை விடச் சற்றுக் கீழே தெரியும். அதைக் குறிவைத்தால் குண்டு கீழே விழும். மேகம் வந்து தரை ஆறியதும் படம் மேலே ஏறும். இது கால் மினிட், சில நேரம் அரை மினிட். வெளிச்சம் ஏறினால் சைட்டை ஏற்று என்று ஆங்கிலேயர்கள் வழிவழியாகச் சொல்லும் சொல்லுக்கு இதுவும் ஒரு காரணம். கவனியுங்கள்: காற்றின் சூடு சைட்டை இறக்கச் சொல்கிறது, தரையின் சூடு ஏற்றச் சொல்கிறது. மேகம் வந்து வந்து போகும் நாளில் புத்தகக் கணக்கை மட்டும் நம்பினால் எங்கோ போய் நிற்போம்.

கானல் கெடுதல் மட்டும் செய்வதில்லை. காற்றைக் காட்டும் கொடிகளில் அதுவும் ஒன்று, சில நாட்களில் அதுதான் சிறந்தது. ஸ்பாட்டிங் ஸ்கோப்பை இலக்கில் கூர்மையாக்கிவிட்டு, குவியத்தைச் சற்று நம் பக்கம் இழுத்தால் இலக்கு மங்கும், நடுவழியில் ஓடும் அலைகள் தெளியும். அலை வலமிருந்து இடமாக ஓடினால் காற்றும் அப்படியே. சாய்வு கூடக் கூடக் காற்றும் கூடுகிறது. விநாடிக்கு 5 மீட்டரை நெருங்கினால் அலை படுத்துவிடும். அதற்கு மேல் கானலைப் பார்த்துக் காற்றை அளக்க முடியாது, கொடிக்குப் போய்விட வேண்டும். அலை பக்கவாட்டில் ஓடாமல் நேராக மேலெழும்பிக் கொதித்தால் காற்று நின்றுவிட்டது, அல்லது உங்கள் கோட்டுக்கு நேராக வீசுகிறது. அந்த அமைதியை நம்பி விடாதீர்கள். அடுத்த கணம் எந்தப் பக்கமும் சாயலாம். காற்று எங்கிருந்து வருகிறது என்று ஐயமிருந்தால் ஸ்கோப்பை மெதுவாகப் பக்கவாட்டில் திருப்புங்கள். எந்தத் திசையில் அலை நேராகக் கொதிக்கிறதோ அந்தக் கோட்டில்தான் காற்று ஓடுகிறது.

சூடான குழலிலிருந்தும் ஒரு கானல் எழும். ஸ்கோப் வைத்துச் சுடும் எஃப்-கிளாஸ்காரர்கள் குழலின் மேல் அகலமான நாடா ஒன்றைக் கட்டியிருப்பது அழகுக்கு அல்ல, அந்தக் கானல் கண்ணாடிக்கு முன் எழாமல் தடுக்கத்தான்.

இன்னொன்று. உயரத்தில் வரும் பிழையெல்லாம் சூட்டால் வருவதில்லை. வலப்பக்கமாகச் சுழலும் குழலில் வலமிருந்து வீசும் காற்று குண்டை இடப்பக்கம் தள்ளுவதோடு கொஞ்சம் மேலேயும் தூக்கும். இடமிருந்து வீசும் காற்று கீழே அமுக்கும். துளைகள் பத்து மணியிலிருந்து நான்கு மணிக்குச் சாய்ந்த கோடாக விழுந்திருந்தால் வெப்பமானியைக் குறை சொல்லாதீர்கள். அது காற்று.

நோட்டில் எழுத வேண்டியது

என் நோட்டில் ஏரிக்கரை ரேஞ்சில் எழுதிய இரண்டு வரிகள் இப்படி இருக்கின்றன. காலை 8.10, காற்று 18, பெட்டி 17, அழுத்தம் 995, மேகம், சைட் 30¼. அடுத்தது, 11.40, காற்று 27, பெட்டி 25, அழுத்தம் 994, வெயில், கானல் பலமாக, சைட் 29½. வாய்ப்பாட்டின்படி ஏறத்தாழ ஒரு மினிட் இறங்கியிருக்க வேண்டும், இறங்கியது முக்கால்தான். மிச்சம் கால் மினிட்டை வெயிலும் கானலும் எடுத்துக்கொண்டன. இப்படி இருபது, முப்பது வரிகள் சேர்ந்த பிறகு கணிப்பானை விட உங்கள் நோட்டை நம்பத் தொடங்குவீர்கள். அது சரியான நம்பிக்கை.

எழுதாமல் விட்டது பெரும்பாலும் பெட்டியின் சூடாகத்தான் இருக்கும். காற்றை அளக்க விலையுயர்ந்த கருவி வாங்குகிறவர்கள் கூடத் தோட்டாவின் சூட்டைக் கேட்பதில்லை. மீன்தொட்டிக்காரர்கள் விற்கும் சிறு வெப்பமானி ஒன்று போதும். அடுத்த முறை ரேஞ்சுக்குக் கிளம்பும்போது அதைத் தோட்டாப் பெட்டிக்குள் போட்டு மூடி, பெட்டியை நிழலில் வையுங்கள். முதல் குண்டுக்கு முன் ஒரு முறையும் கடைசிக் குண்டுக்குப் பின் ஒரு முறையும் திறந்து பார்த்து எழுதிவிடுங்கள்.